சொன்ன நேரத்துக்கு முந்தி வந்த தண்ணீர்

கப்பலுக்குள் வெள்ளம் வரக் கடல் பொங்க வேண்டும், பாறையில் மோத வேண்டும் என்றெல்லாம் அவசியமில்லை. மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு பெண்பிள்ளையை ஏற்றிவிட்டால் போதும். அந்தப் பெண்பிள்ளை நான்தான். நடந்து சில வருடம் ஆகிவிட்டது. எழுதும் துணிச்சல் இப்போதுதான் வந்திருக்கிறது.

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, இப்படி ஒரு படிப்பு இருப்பதை எங்கள் ஆங்கில மேடம்தான் இணையத்தில் கண்டுபிடித்தார். நாலு மாதம் கப்பலிலேயே தங்கல், கப்பலிலேயே வகுப்பு, வழியில் பதினோரு நாடு. எப்படியும் கிடைக்காது என்ற தைரியத்தில் விண்ணப்பம் போட்டேன். முழு உதவித்தொகையோடு கிடைத்துவிட்டது. தெருப் பையன்கள் பஸ் ஸ்டாண்டில் பிளக்ஸ் வைத்தார்கள். 'கடல் கடக்கும் எங்கள் தங்கமே' என்று என் படம், பின்னால் ஒரு கப்பல். (அந்தக் கப்பலில் பீரங்கி இருந்தது. கூகுளில் முதலில் வந்ததைப் போட்டுவிட்டார்கள். நான் சண்டைக்குப் போவதாக நினைத்து இரண்டு பேர் அப்பாவிடம் துக்கம் விசாரித்தார்கள்.)

அப்பா பேரூராட்சியில் குடிதண்ணீர் திறந்துவிடும் வேலையில் இருக்கிறார். தெருத் தெருவாகப் போய் வால்வைத் திருகித் திறப்பார், மூடுவார். எங்கள் தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒரு தடவை முறை வரும். சில சமயம் பத்தும் ஆகும். மணி மட்டும் சொல்லியிருப்பார்கள், நாள்தான் தெரியாது. திறந்துவிடுகிறவர் வீட்டுக்கு முன்கூட்டியே தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. "ஒங்கம்மாகிட்டச் சொன்னா ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி" என்று மூச்சுவிட மாட்டார்.

அதனால் எங்கள் வீட்டில் இரண்டு பழக்கம் உண்டு. தண்ணீர் நிற்கப் போகிறது என்றால் காலியாக ஒரு பாத்திரமும் இருக்கக் கூடாது. நின்ற பிறகு குழாயை மூடக் கூடாது. திறந்தே வைத்திருந்தால்தான் மறுபடி வரும்போது சத்தம் கேட்டு ஓடிவர முடியும். மல்லாங்கிணற்றில் இதற்குக் கெட்டிக்காரத்தனம் என்று பெயர்.

கப்பலில் கடல் தண்ணீரை இயந்திரத்தில் சுத்தப்படுத்தி இருபத்து நாலு மணி நேரமும் விட்டார்கள். எனக்கு அது நம்பிக்கையாக இல்லை. முதல் மாதம் முழுக்கக் கட்டிலோரம் ஆறு பாட்டில் நிரப்பி வைத்திருந்தேன். என் அறைத்தோழி லூசியா பிரேசில் நாட்டுப் பெண். அந்தப் பாட்டில்கள் ஏதோ பூஜைக்கு என்று நினைத்து, அவற்றைத் தாண்டாமல் சுற்றிப் போவாள்.

மொராக்கோவை விட்டுக் கிளம்பி இரண்டாம் நாள் மாலை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பராமரிப்பு வேலை இருக்கிறதாம். மறுநாள் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நான்காம் தளத்தில் மட்டும் தண்ணீர் வராதாம். மற்றவர்கள் காதில்கூட வாங்கவில்லை. நான் மட்டும் எழுந்து உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் என்று சொல்கிறார்கள் என்றால் இரண்டு நாளாவது ஆகும் என்பது என் கணக்கு.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வேலையில் இறங்கினேன். அம்மா கொடுத்துவிட்ட தூக்குவாளி, குப்பைக்கூடை, லூசியாவின் ஐஸ் பெட்டி, எல்லாவற்றையும் நிரப்பினேன். குளிக்கிற இடத்தின் தரை தொட்டி மாதிரிக் கொஞ்சம் பள்ளமாக இருக்கும். வடிகால் ஓட்டையில் துண்டைச் சுருட்டி அடைத்து அதையும் நிரப்பினேன். லூசியா பல் துலக்கிக்கொண்டே, "முத்து, ஏதாவது ஆபத்தா?" என்று கேட்டாள். "தண்ணி நிக்கப் போகுது" என்று நான் சொன்ன தோரணையில் பயந்துபோய், அவளே பக்கத்து அறைகளுக்கு ஓடிச் சொல்லிவிட்டு வந்தாள். மூன்று அறைப் பெண்கள் என்னிடம் வந்து யோசனை கேட்டார்கள். துண்டு அடைப்பது எப்படி என்று செய்து காட்டினேன். பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு நான் பாடம் எடுத்தேன் என்றால் அது அன்றைக்கு மட்டும்தான்.

ஒன்பது மணிக்குத் தண்ணீர் நின்றது. நாலு அறையிலும் எல்லாக் குழாய்களையும் முழுக்கத் திறந்து வைக்கச் சொன்னேன். வகுப்பு பத்தே முக்காலுக்கு முடியும், தண்ணீர் பதினொன்றுக்கு வரும், கால் மணி நேரம் கையில் இருக்கிறது. கணக்கு அத்தனை சுத்தம்.

வகுப்பு எங்கள் அறைகளுக்கு நேர் கீழே, மூன்றாம் தளத்தில். பத்தே காலுக்கு ஆசிரியரின் குறிப்புத்தாளில் மேலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அவர் நகர்ந்துகொண்டார். சொட்டு வேகமெடுத்தது. நான் எழுந்து போய் என் பாட்டிலை அதற்கு நேராக வைத்துவிட்டு வந்தேன். (நல்ல தண்ணீர் வீணாகிறதே என்ற அக்கறை.) ஆசிரியர் எனக்கு நன்றி சொன்னார். அடுத்து இன்னொரு இடத்தில் சொட்டியது, பிறகு நாலு இடத்தில். லூசியா கூரையைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக என்னைப் பார்த்தாள்.

சொன்ன நேரத்துக்கு முந்தித் தண்ணீர் வரும் என்பது என் குடும்பத்தில் யாரும் கண்டிராத விஷயம்.

நாங்கள் ஓடியபோது தண்ணீர் மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்தது. கப்பல் இந்தப் பக்கம் சாய்ந்தால் தாழ்வாரத்தில் இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் போயிற்று. தூக்குவாளி மட்டும் பத்திரமாக அசையாமல் இருந்தது. அந்தப் பகுதிக்கே மின்சாரத்தை நிறுத்தினார்கள். கம்பளம் மொத்தமும் ஊறிப் போயிற்று. வகுப்பறைக் கூரைப் பலகை இரண்டு கழன்று தொங்கியது.

மறுநாள் காலை விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் படிப்புப் பொறுப்பாளர் அம்மாவும், தலைமை இன்ஜினியரும். அவர் கிரேக்க நாட்டுக்காரர், மீசையே பாதி முகம். கப்பலின் பாதுகாப்புக்குக் குந்தகம் செய்தால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஊருக்கு அனுப்பிவிடலாம் என்பது விதி. அடுத்த துறைமுகம் கானா, நாலு நாளில் வரும். படிப்பு போகும், உதவித்தொகை போகும். ஊர்ப் பஸ்ஸில் போய் நான் இறங்கும் இடமோ அந்தப் பிளக்ஸுக்கு நேர் கீழே. கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். நான் இரண்டு கன்னத்திலும் வைத்திருந்தேன்.

முடிவெடுக்கும் முன் பெற்றோரிடம் பேச வேண்டுமாம். அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். அவருக்கு ஆங்கிலம் வராது. அதனால் குற்றவாளியே மொழிபெயர்ப்பாளர்.

நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

"ஏத்தா, தண்ணி எத்தன மணிக்கு வரும்னு சொன்னாக?"

"பதினோரு மணிக்குப்பா."

"எத்தன மணிக்கு வந்துச்சு?"

"பத்து மணிக்கு."

"தொறந்துவிட்டது யாரு?"

நான் இன்ஜினியரைப் பார்த்தேன். என்ன கேட்கிறார் என்றார். தயங்கித் தயங்கிச் சொன்னேன். வேலை சீக்கிரம் முடிந்ததாம், அதனால் திறந்தாராம்.

"அதெப்பிடித் தொறக்கலாம்? சார்கிட்டச் சொல்லு. பதினொன்னுன்னா பதினொன்னுக்குத்தான் தொறக்கணும். வீட்ல ஆளில்லாத நேரம் தொறந்தா வெள்ளமாத்தான் போகும். இத்தன வருசத்துல நான் ஒரு நிமிசம் முந்தித் தொறந்ததில்ல."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஆமா, எல்லா நாளும் பிந்தித்தான் தொறந்திருக்காக."

அதையும் மொழிபெயர்த்துத் தொலைத்தேன். இன்ஜினியரின் மீசை லேசாக அசைந்தது. "உன் அப்பா யார்?" என்று கேட்டார். சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அங்கே எத்தனை வால்வு, துருவுக்கு என்ன செய்வார், தண்ணீர் வராவிட்டால் யார் வந்து திட்டுவார்கள்? "மொதல்ல எம்பொண்டாட்டி" என்றார் அப்பா. இன்ஜினியர் மேசையைத் தட்டிச் சிரித்தார். இப்படியே கால் மணி நேரம் போயிற்று. வந்த வேலை நான் ஊருக்குப் போவதா இல்லையா என்பது என் ஒருத்திக்குத்தான் ஞாபகம் இருந்தது.

பொறுப்பாளர் அம்மா தொண்டையைச் செருமினார். அப்பாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஏத்தா, அந்த அம்மாகிட்டச் சொல்லு. எம்பிள்ள தண்ணிய வீணாக்குற பிள்ள இல்ல. ஒரு சொட்டுப் போனாலும் மனசு பதறுற பிள்ள. எறக்கி விட்றாதீகன்னு நான் கேட்டுக்கிறேன்னு சொல்லு."

அப்பா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. தண்ணீர் வரவில்லை என்று ரோட்டை மறித்த கூட்டத்துக்கு நடுவிலும் கெஞ்சாதவர். எனக்காக, முகம் தெரியாத இரண்டு பேரிடம் கெஞ்சினார். அதை என் வாயாலேயே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. பாதி சொன்னேன், மீதிக்கு அழுகை வந்துவிட்டது. இன்ஜினியர் பொறுப்பாளர் அம்மா பக்கம் திரும்பி, "முன்கூட்டித் திறந்தது என் தப்பும்தான். அறிக்கையில் அதையும் எழுதுங்கள்" என்றார்.

என்னை இறக்கவில்லை. இரண்டு வாரம் வகுப்பு முடிந்ததும் கம்பளத்தில் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தைத் தள்ள வேண்டும் என்பது தண்டனை. லூசியாவும் கூட வந்து தள்ளினாள். அதற்குப் பிறகு தண்ணீர் நிற்கும் அறிவிப்பு வந்தபோதெல்லாம் 'குழாய்களை மூடி வைக்கவும்' என்று ஒரு வரி சேர்ந்தது. உடனே சாப்பாட்டுக் கூடமே திரும்பி என்னைப் பார்க்கும்.

ஊரிலும் விஷயம் பரவியது. (அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதே.) அப்பா எப்போதாவது ஐந்து நிமிடம் முந்தித் திறந்துவிட்டால், "என்னண்ணே, இன்னைக்குக் கப்பல் டைமா?" என்று தெருப் பெண்கள் கேட்கிறார்கள். கப்பல் இன்ஜினியரே தன்னிடம் தப்பை ஒத்துக்கொண்டார் என்று அப்பா டீக்கடையில் சொல்லாத நாளில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்ததுதான் உச்சம். மாப்பிள்ளையின் சித்தி என் கப்பல் படிப்புச் சான்றிதழை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"நாலு மாசம் கப்பல்ல பதினோரு நாடு சுத்துனாளாமே, அப்பிடி என்னத்தப் படிச்சா ஒங்க மக?"

அம்மா காபித் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்.

"வீட்ட விட்டுப் போகும்போது கொழாய மூடிட்டுப் போகணும்னு படிச்சா."