கண் கேட்டு வந்த அண்ணாச்சி

திருநெல்வேலி டவுனில் எமனுக்கு அடுத்தபடியாக ஜனங்கள் பயந்தது கண்ணு அண்ணாச்சிக்குத்தான். எமனாவது ஒரே தடவைதான் வருவான். அண்ணாச்சி முன்கூட்டியே வந்து, ஹார்லிக்ஸ் பாட்டிலை மேஜை மேல் வைத்து, "சும்மா பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்" என்பார். அவர் சும்மா வரமாட்டார் என்பது ஊருக்கே தெரியும்.

ரத வீதிப் பக்கம் அவருக்குப் பாத்திரக்கடை. அப்பா அம்மா வைத்த பெயர் கடைப் பலகையில் இருந்தது. அதையும் தொங்கும் குடங்கள் மறைத்திருந்ததால், கண்ணு அண்ணாச்சி என்ற பெயரே நிலைத்துவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் வங்கியில் குமாஸ்தா. ஜங்ஷனில் ஒரு லாட்ஜ் மாடியில் வியாழக்கிழமைதோறும் கூடும் சேவை கிளப்பில் செயலாளர். கையெழுத்து நன்றாக இருந்தது தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. கூட்டம் எப்போதும் ஒரே மாதிரிதான். தலைவர் மணியடிப்பார். எழுந்து நின்று உறுதிமொழி சொல்வோம். பிறந்தநாள்காரருக்கு மாலை, விருந்தினர் ஒருவரின் பேச்சு, பிறகு கேசரி, போண்டா. எப்போதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்காலி கொடுப்போம். போட்டோவில் நாற்காலி தெரியாது, நாங்கள் தெரிவோம்.

கோட்டு போட்ட ஆடிட்டர்கள், டாக்டர்கள், வக்கீல்களுக்கு நடுவே வேட்டி துண்டோடு அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். போண்டாவுக்காகத்தான் சேர்ந்தேன் என்று கூச்சமில்லாமல் சொல்வார்.

ஒரு வியாழக்கிழமை கண் டாக்டர் ஒருவர் பேச வந்தார். கருவிழி கெட்டுப்போனவர்களுக்கு, இறந்தவர்களின் கருவிழியை எடுத்து வைத்தால் பார்வை வரும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். நம் பக்கம் தருவார்தான் இல்லை என்றார். பலமாகக் கை தட்டினோம். படிக்கட்டில் போண்டா ஏறி வரும் வாசனை. அண்ணாச்சி மட்டும் எழுந்து நின்றார்.

"டாக்டரய்யா, இத யாரு போய்க் கேப்பா?"

"உங்க கிளப் மாதிரி ஆட்கள்தான் கேக்கணும்."

"கேட்டா குடுப்பாவளா?"

"கேட்டாத்தானே தெரியும்?"

தலைவரான ஆடிட்டர் உடனே ஒரு கமிட்டி போட்டார். அதில் அண்ணாச்சி ஒருவர்தான் உறுப்பினர். செயலாளர் என்ற பாவத்துக்கு நானும் ஒட்டிக்கொண்டேன்.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எதற்கு வருகிறோம் என்ற சேதி எங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ரிடையரான தாசில்தார் ஒருவர் கண் திறக்காமல் படுத்திருந்தார். குடும்பமே சுற்றி நின்றது. அண்ணாச்சியின் தொண்டைக் கனைப்பு கேட்டதும் தாசில்தாரின் ஒரு கண் திறந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஆளே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏலே, அந்தாளு எதுக்கு வந்திருக்கான்? எனக்கு ஒண்ணுமில்ல. இட்லி கொண்டாங்கலே!"

அந்த வாரமே வீட்டுக்குப் போய்விட்டார். அதன்பின், மருந்துக்குக் குணமாகாத நோயாளிக்கு அண்ணாச்சியைக் கூட்டி வந்து காட்டலாம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

ஆகவே துக்க வீடுகளுக்குத் திரும்பினோம். அங்கே அண்ணாச்சி ஒரு வழி வைத்திருந்தார். "பதினாறாம் நா சமையலுக்கு அண்டா, கொப்பரை எல்லாம் நம்ம கடையில இருந்து வந்துரும். வாடகைன்னு ஒரு பேச்சு கெடையாது" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே கண்ணைக் கேட்பார். அண்டாவை வாங்கிக்கொள்வார்கள், கண்ணைத் தரமாட்டார்கள்.

பேட்டையில் ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் மடக்கினார். "கண்ணில்லாம மேல போனா வழி எப்படித் தெரியும்?"

"கூட்டிட்டுப் போவதுக்குத்தான ஆளு வாராவ? அவுக பாத்துக்கிடுவாவ."

"அடுத்த பிறவியில குருடாப் பொறந்தா?"

"அடுத்த பிறவியில மனுசனாத்தான் பொறப்பாவன்னு யாரு சொன்னா?"

அந்தத் தெருமுனை வரை எங்களை விரட்டினார்கள். மூச்சு வாங்க நின்ற இடத்தில் அண்ணாச்சி செருப்பைத் தேடினார். ஒன்றுதான் இருந்தது. "கேள்வி கேக்க ஆரம்பிச்சுட்டாவவே. அடுத்து குடுப்பாவ" என்றார். எனக்கு அழுகை வந்தது.

ஒரு வருஷம் போயிற்று. ஒரு கண்கூட வரவில்லை. ஒரு வியாழக்கிழமை தலைவர், "கண் திட்டத்தை நிறுத்திவிட்டு இறகுப்பந்துப் போட்டி நடத்தலாம். பத்திரிகையிலும் வரும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணாச்சி எழுந்தார்.

"நடத்துங்க. நல்ல வெளாட்டு. ஆனா பந்து எங்கன வருதுன்னு பாக்கதுக்கும் கண்ணு வேணும்லா?"

தலைவரின் பதவிக்காலம் முடியும் வரை கண் திட்டம் ஓடட்டும் என்று போட்டியைத் தள்ளி வைத்தார்கள்.

இந்த இடத்தில் எதிர்க்கடைக்காரரைச் சொல்லியாக வேண்டும். அவருக்கும் பாத்திரக்கடை, அண்ணாச்சி கடைக்கு நேர் எதிரே. எப்போதோ ஒரு கல்யாணச் சீர்வரிசை ஆர்டரில் இருவருக்கும் முட்டிக்கொண்டு, பேச்சு வார்த்தை நின்றுபோனது. பார்வை மட்டும் நிற்கவில்லை. அவர் கடையில் யார் ஏறுகிறார்கள் என்று இவரும், இவர் கடையில் யார் ஏறுகிறார்கள் என்று அவரும் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே காலம் தள்ளினார்கள். "நான் செத்தா அந்தக் கோட்டிக்காரன் என் வாசப்படிய மிதிக்கப்படாது" என்று எதிர்க்கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

ஐப்பசியில் கொட்டுகிற மழையில், ஒரு காலை நேரத்தில், அவர் இறந்துபோனார்.

நான் போனபோது அண்ணாச்சி கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, இந்த வீடு மட்டும் வேண்டாம்" என்றேன்.

"ஏன்வே? நல்ல கண்ணுவே அது. கண்ணாடி போடாமலே, எங்கடைத் தராசு முள்ளு எங்க நிக்குன்னு அங்கன இருந்து பாத்த கண்ணு."

எதிர்க்கடைக்காரர் வீட்டு வாசலில் அவர் மகன் மறித்தான். முப்பது வயசு ஆள், அழுது சிவந்த முகம். "எதுக்கு வந்திய?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். மகனின் தோளுக்கு மேலே, கூடத்தில் கிடத்தியிருந்த எதிர்க்கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழ ஆரம்பித்துவிட்டார். எத்தனையோ துக்க வீடுகளுக்கு அவரோடு போயிருக்கிறேன். அவர் அழுது பார்த்ததில்லை.

உள்ளேயிருந்து எதிர்க்கடைக்காரரின் மனைவி குரல் கொடுத்தார். "அவுகள உள்ள விடுலே." பிறகு அண்ணாச்சியிடம், "கேக்க வந்ததக் கேளுங்க" என்றார்.

"கேக்கத்தான் வந்தேன் மதினி. வாயி வரமாட்டக்கு."

அந்த அம்மாள் கணவரின் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னார். "இந்த மனுசன் கண்ணு எங்க மேல எப்ப இருந்துச்சு? கட தொறந்ததுல இருந்து சாத்துத வரைக்கும் உங்க மேலதான் இருந்துச்சு. ஒரு நா நீங்க கட தொறக்கலேன்னா, அவனுக்கு என்ன செய்யுதோன்னு இவுகளுக்குச் சோறு எறங்காது. எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி."

மகன் நகர்ந்து வழிவிட்டான்.

நான் மருந்துக்கடைக்கு ஓடி கண் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் கிளம்பிவிட்டார். ஆனால் கார் வந்து சேரவில்லை. ரயில் பாலத்துக்கு அடியில் இடுப்பளவு தண்ணீர்; அதில் இறங்கிய கார் அங்கேயே நின்றுவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். ஆட்டோக்காரர்கள் வரமாட்டோம் என்றார்கள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். சரக்கு ஏற்றும் மூன்று சக்கர சைக்கிள் அவர் கடை வாசலில் நின்றது. அதன் மேல் டெலிவரிக்குக் கட்டி வைத்த பெரிய அண்டா. அவிழ்க்க நேரமில்லை என்று அப்படியே ஏறி மிதித்தார்.

திரும்பி வந்த காட்சியை டவுன் இன்னும் மறந்திருக்காது. அண்டாவுக்குள் டாக்டர், மடியில் கருவிப் பெட்டி, தலைக்கு மேல் குடையாக ஒரு பித்தளைத் தாம்பாளம். முன்னால் அண்ணாச்சி மிதிக்க, பின்னால் கோட்டு நனைய ஆடிட்டர் தள்ளினார். டாக்டரின் காரில் துணைக்கு வந்து மாட்டிக்கொண்டவர் அவர். தெரு முக்கில் நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"என்ன லோடு?"

"டாக்டர்" என்றார் அண்ணாச்சி, மிதிப்பதை நிறுத்தாமல்.

நேரத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். வேலை சீக்கிரமாகவே முடிந்தது. வேண்டியதை எடுத்தபின் முகம் பழையபடியே இருந்ததைப் பார்த்து, வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பலருக்குப் பயம் தெளிந்தது.

சில வாரம் கழித்து டாக்டர் மறுபடி எங்கள் கூட்டத்துக்கு வந்தார். இரண்டு பேருக்குப் பார்வை கிடைத்துவிட்டது, பெயர் சொல்லக்கூடாது, ஒருவர் லோடுமேன், இன்னொருவர் பீடி சுற்றும் பெண், ஒரு பையனுக்குத் தாய் என்றார்.

"அந்தப் பொம்பள, பிள்ள மொகத்தப் பாத்தாளா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"பாத்தாங்க."

"என்ன சொன்னா?"

"'இம்புட்டு வளந்துட்டானா'ன்னு கேட்டாங்க."

கூட்டம் கை தட்ட மறந்துவிட்டது. ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இறகுப்பந்தைப் பற்றி அப்புறம் அவர் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் ஊர் மனசே மாறிப்போனது. துக்க வீட்டிலிருந்து அவர்களே ஆளனுப்பி அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள்.

அந்தத் தை மாதம் வங்கிக்குப் போகிற வழியில் அவர் கடையில் நின்றேன். பொங்கப்பானை வாங்க ஒரு குடும்பம் வந்திருந்தது.

"இந்த அளவு நம்மகிட்ட இல்லம்மா. எதுத்த கடையில இருக்கும், போங்க" என்றார்.

அவர்கள் போனதும், "அண்ணாச்சி, உங்க தலைக்கு மேலயே தொங்குதே?" என்றேன்.

"பைய பேசும்வே. அந்தப் பய இப்பத்தான கல்லாவுல உக்காந்திருக்கான். தொழிலு படிக்கட்டும்."

எதிரே மகன் பானையைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். விலை சொல்லத் தடுமாறினான். அண்ணாச்சி வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரம் முடிந்து அந்தக் குடும்பம் பானையோடு இறங்கியபோது, அவர் முகத்தில் தன் கல்லாவே நிறைந்துவிட்ட சந்தோஷம்.

நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வங்கிக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனால் என்ன என்று இருந்தது.