மயிலாப்பூரில் சேவைத் துறை: ஓர் ஆய்வு

"தினம் எத்தனை பேருக்கு சேவை பண்றீங்க?" என்று போனில் கேட்டார் நல்லசிவம்.

"அறுபது பேருக்கு. வெள்ளிக்கிழமைன்னா நூறு," என்றாள் மயிலாப்பூர் ஜானு மாமி.

"வெளிநாட்டுக்கும் உண்டா?"

"நியூஜெர்சில பொண்ணு இருக்காளே. மாசம் மூணு கிலோ போறது."

கிலோபைட் என்று எழுதிக்கொண்டார் நல்லசிவம்.

வட்டார வளர்ச்சிக் கொள்கை அலுவலகத்துக்கு அவர் தென்காசியிலிருந்து வந்து ஐந்து மாதம். ஒப்பந்தம் ஆறாவது மாதத்தோடு முடிகிறது. அதை நீட்டிக்க வேண்டியவர் இயக்குநர் ஹம்சினி. மயிலாப்பூர் சேவையைப் பற்றி மேடம் விசாரிக்கச் சொன்னதாக டிரைவர் பீர் முஹம்மது வந்து சொன்ன நாளிலிருந்து நல்லசிவத்துக்குத் தூக்கமில்லை. நாடு வயலில் பிறந்து, ஆலையில் வளர்ந்து, சேவைத் துறையில் முக்தியடையும் என்று முப்பத்திரண்டு பக்கம் எழுதிவிட்டார். முக்திக்கு உதாரணம்தான் அகப்படவில்லை. மாமி அகப்பட்டாள்.

'ஊழியர் இல்லை, கட்டடம் இல்லை. தனியொரு பெண்மணி தினம் அறுபது பேருக்கு சேவை. ஏற்றுமதி வேறு' என்று அறிக்கை போயிற்று. மறுநாளே திரும்பி வந்தது. முப்பத்திரண்டு பக்கத்தில் மாமியின் விலாசம் மட்டும் சிவப்பு மையில் வட்டமிடப்பட்டிருந்தது. பக்கத்தில், 'நாளைக் காலை எட்டு மணிக்கு நேரில் வருகிறேன்.'

முன்கூட்டியே பார்த்துவைக்கலாம் என்று அன்று மாலை மாமி வீட்டுக்கு ஓடினார். மாமி அடுக்களையில் ஒரு நாழியைத் திருகிக்கொண்டிருந்தாள். அரிசி மாவு நூல் நூலாக இறங்கியது.

"இது என்ன மாமி?"

"சேவை."

"எங்க ஊர்ல இது இடியாப்பம்லா?"

"உங்க ஊர்ல என்ன வேணா சொல்லிக்கோங்கோ. எங்காத்துல இதான் சேவை."

நல்லசிவம் சுவரைப் பிடித்துக்கொண்டார். இது உற்பத்தித் துறை. கொள்கையும் போச்சு, வேலையும் போச்சு.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் இதைப் பண்ணாதிய மாமி. இந்த நாழி கண்ணுலயே படக் கூடாது."

"காலம்பற வாசல்ல அறுபது பேர் வந்து நிப்பா. அவாளுக்கு என்ன பதில் சொல்றது?"

"சர்வர் டவுன்னு சொல்லிருங்க."

விடிந்ததும் மாமி வீட்டுக் கூடத்தில் நான்கு வாடகை லேப்டாப்புகள் வந்து இறங்கின. நல்லசிவத்தின் மைத்துனன் அஸ்வத் தி.நகரில் தான் வேலை பார்க்கும் ஜவுளிக் கடையிலிருந்து நான்கு விற்பனையாளர்களை அழைத்து வந்து, காதில் ஹெட்போன் மாட்டி உட்கார வைத்தான். வாசலில் அறுபது பேரும் 'சர்வருக்கு உடம்பு சரியில்லையாம், பாவம்' என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

எட்டு மணிக்கு ஹம்சினி உள்ளே நுழைந்தார்.

"வாங்க மேடம், பட்டா, காட்டனா?" என்றான் ஹெட்போன் போட்டிருந்த ஒருவன், பழக்கதோஷத்தில்.

ஹம்சினி அவனைத் தாண்டி அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தார். அடுப்பு அணைந்திருந்தது.

"சேவை எங்கே?"

"இதோ மேடம்," என்று நல்லசிவம் லேப்டாப்புகளைப் பெருமையாகக் காட்டினார். "இருபத்துநாலு மணி நேரமும் நடக்கு."

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹம்சினி நான்கு திரைகளையும் பார்த்தார். நல்லசிவத்தையும் பார்த்தார்.

"உங்க ஒப்பந்தம் என்னிக்கு முடியறது?"

"முப்பதாம் தேதி மேடம்."

"முடியட்டும்," என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தார்.

காலி டிபன் கேரியரோடு பின்னால் போன பீர் முஹம்மது படியில் நின்று திரும்பினார்.

"இன்னா சார் நீங்க, அன்னிக்கு மேடம் விசாரிச்சுகினு வரச் சொன்னது டிபனு. அத்த பாலிசி ஆக்கினது நீங்கதான்."