உப்பில்லா விரதமும் என் நேர்காணலும்

படித்த படிப்பு சமயத்தில் கைகொடுக்கும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உடலியங்கியலில் எம்.எஸ்சி. முடித்தவன் நான். உடம்பின் நீரையும் உப்பையும் பற்றி நாற்பது பக்கம் ப்ராஜெக்ட் எழுதியவன். அந்த நாற்பது பக்கமும் அம்மாவிடம் செல்லுபடியாகவில்லை.

வேங்கிக்கால் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல். இரண்டு வருடமாக வீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு வந்த ஒரே அழைப்பு. உடனே அம்மா வேண்டிக்கொண்டுவிட்டாள், என் சார்பில்.

"மூணு நாளு உப்பில்லாம சாப்ட்டு, பௌர்ணமி அன்னிக்கு மலை சுத்திட்டு, அப்படியே இன்டர்வியூக்குப் போறடா."

"வைகாசி வெயில்ல உப்பு கம்மியானா மயக்கம் வரும்மா. சோடியம்னு ஒண்ணு இருக்குது..."

"அப்ப அந்த சோடியத்தையே வேலை வாங்கித் தரச் சொல்லு."

(இதற்குப் பதில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நானும் தேடிவிட்டேன்.)

மூன்று நாள் உப்பில்லாமல் சாப்பிட்டு, பௌர்ணமி அன்று விடிந்ததும் மலையைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். பதினான்கு கிலோமீட்டர், வெறுங்கால், வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். மோரில் உப்பு இருக்குமே, அதைத் தொடவில்லை. வெறும் தண்ணீராகவே குடித்தேன். பாதி வழியில் அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் வயிறு தளும்பியது. போதும் என்றாலும் விடுகிறார்களா? "வேணாம்னு சொல்லாதீங்க சாமி, எங்களுக்குப் புண்ணியம்" என்று டம்ளரை வாயருகே நீட்டினார்கள். வியர்வையில் உப்பு போகிறது, உள்ளே வெறும் தண்ணீர் சேர்கிறது, ரத்தத்தில் சோடியம் இறங்கப்போகிறது. எல்லாம் தெரியும். தெரிந்தேதான் அடுத்த டம்ளரையும் வாங்கினேன், மடையன்!

பதினோரு மணிக்கு நேர்காணல். தலை விண்விண்ணென்று தெறித்தது. பெயரைக் கேட்டதற்கு ஊரைச் சொன்னேன். எதிரே இருந்த துறைத்தலைவி பொறுமையாக அடுத்த கேள்விக்குப் போனார்.

"ரத்தத்துல சோடியம் கம்மியானா என்னென்ன அறிகுறி வரும்?"

என் வாழ்நாளில் அவ்வளவு மனப்பூர்வமாக எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை. "தலைவலி மேடம். குழப்பம். கால் இழுத்துப் பிடிக்கும்."

"வெரி குட். அப்புறம்?"

"வாந்தி மேடம்."

வந்தது. மேஜை மேல், ஃபைல் மேல், மேடத்தின் பட்டுப்புடவை மேல்.

அங்கேயே மயங்கி விழுந்தவனை ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றி இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பார்க்க வந்த மேடத்திடம் விரதக் கதையை உளறிக்கொட்டினேன். வேலை வேறொருவருக்குப் போனது. "உயிர் பொழைச்சியே, அது விரதத்தாலதான்" என்றாள் அம்மா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆறு வருடம் ஆகிறது. எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. அதே நர்சிங் கல்லூரியில் இப்போது என் தங்கை படிக்கிறாள். போன மாதம் நான் வீட்டுக்குப் போயிருந்தபோது விடைத்தாளை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

"அண்ணா, அந்த மேடம் வெச்ச டெஸ்ட்ல உன் கேஸ்தான் வந்துச்சு! 'உடலியங்கியல் படித்த ஒருவர் மூன்று நாள் உப்பில்லாமல் இருந்து மயங்கினார். அவர் உப்பைத் தவிர்த்த காரணம் என்ன?' எல்லாரும் பிரஷரு, கிட்னினு எழுதிட்டாங்க. நான் மட்டும் 'அம்மா'னு எழுதினேன். ஃபுல் மார்க்!"

அந்த விடைத்தாளை அம்மா பூஜை அறையில் வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள், பெருமையாக.