சூசைமாணிக்கத்தின் சொந்தக் கருத்து

மலையை விட்டு இறங்கியே தீருவது என்று சூசைமாணிக்கம் முடிவு செய்துவிட்டார். மலைமேல் செம்மேட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் நாலு வருஷமாக உதவியாளர். சொந்த ஊர் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி. ஊருக்கு இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவு. முப்பதாவது வளைவிலேயே காலையில் சாப்பிட்டது மேலே வந்து எட்டிப் பார்க்கும். மாறுதல் மனு எழுதிக் கொடுத்தாயிற்று. அதிகாரி வனிதா மேடம் பரிந்துரை செய்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

மனைவி ஜெசிந்தாவுக்கு இதில் இஷ்டமில்லை. "அங்க ரிமோட்டு உங்கம்மா கையில இருக்குமுங்க. இங்க என் கையில இருக்குது" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் மனிதர். கல்யாணமாகிப் பதினேழு வருஷம் ஆகியும் அப்படி எடுத்துக்கொண்டார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

வனிதா மேடத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியில் வரும் 'ஏழாவது கிளி'. மலைமேல் ஒரு ஜமீன் பங்களாவில் பழைய ஓவியம், அதில் ராணியைச் சுற்றி ஆறு கிளிகள். பட்டணத்து அருங்காட்சியகத்துக்கு இறக்கிக்கொண்டு போய் எண்ணிப் பார்த்தால் ஏழு. அசல் எங்கே, போலியை வரைந்தது யார் என்பது கதை. திங்கட்கிழமை காலையில் மேடம் ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்பார். நல்ல கருத்துச் சொன்னவருடைய காகிதம் சீக்கிரம் நகரும் என்று அலுவலகத்தில் ஒரு நம்பிக்கை.

சூசைமாணிக்கமோ ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோற்றுக்குப் பிறகு ஏழு பத்தைத் தாண்டி விழித்திருந்ததில்லை. விளம்பரச் சத்தத்துக்கு ஒருமுறை விழிப்பார். மீசை வைத்தவன் ஓவியனா, மீசை இல்லாதவன் ஓவியனா, இரண்டு பேரும் ஒரே ஆளா, ஒன்றும் விளங்காது. மழை வந்தால் டிஷ்ஷும் தூங்கிவிடும். முதல் வாரம் துணிந்து, "கழுத்து நிறைய நகை போட்டுக்கிட்டு வந்துச்சே, அந்தப் பொம்பள மேலதான் மேடம் எனக்குச் சந்தேகம்" என்றார். அது நகைக்கடை விளம்பரம். பக்கத்து மேஜை தனபால் சிரித்த சிரிப்பில் டீ சிந்தி ஒரு கோப்பு நனைந்தது.

அன்று சாயங்காலமே ஜெசிந்தாவிடம் சரணடைந்தார்.

"நீ பாத்துட்டு ஒரு கருத்தச் சொல்லு. நான் போய்ச் சொல்லிக்கறேன்."

"யாரு சொன்னதுன்னு சொல்லுவீங்க?"

"நான் சொன்னதுன்னுதான்."

ஜெசிந்தா வெங்காயத்தை நறுக்கி முடித்தாள். "சரிங்க. ஆனா சொன்னத ஒரு வார்த்தை விடாமச் சொல்லோணும். நடுவுல உங்க சரக்கச் சேக்கப்படாது."

அடுத்த திங்கள் சூசைமாணிக்கம் மேடத்தின் முன்னால் போய் நின்றார். "மேடம், மீசைக்காரன் எடக்கைல தூரிகை புடிக்கிறான். போலிப் படத்துல கோடெல்லாம் எதிர்ப்பக்கமாச் சாயுது. ஆனா ஒண்ணுங்க, மலையை விட்டு எறங்குனதுதான் தப்பு. இருந்த எடத்துலயே இருந்திருந்தா இந்த வம்பே வந்திருக்காது."

மேடம் நாற்காலியில் நிமிர்ந்தார். "சூசை சார், இதை நான் கவனிக்கவே இல்லையே." தனபால் அதைக் குறித்தே வைத்துக்கொண்டார்.

வாரா வாரம் இதே கதைதான். படத்துக்குச் சட்டம் போட்டவன் மேல் சந்தேகம், காவலாளி மேல் சந்தேகம், எல்லாம் ஜெசிந்தா கொடுத்த சந்தேகங்கள். எதைச் சொன்னாலும் முடிவில் மலையை விட்டு இறங்கியதுதான் தப்பு என்று வந்து நின்றது. ஒருநாள் அவளிடமே கேட்டார்.

"ஏம்புள்ள, கடைசில எதுக்கு அந்த வாலு?"

"வாலு இல்லீங்க. அதுதான் கருத்து."

அவருக்குப் புரியவில்லை. மேடம் பாராட்டியபோது புரிந்த மாதிரி இருந்தது.

பன்னிரண்டாவது வாரம் தொடர் முடிந்தது. அன்று மழை, டிஷ் போய்விட்டது. ஜெசிந்தா போனில் பார்த்தாள். காலையில் தோசைக்கு நடுவே முடிவைச் சொன்னாள்.

"மீசைக்காரன் ஒரு படமும் வரையலீங்க. அத்தனையும் அவன் சம்சாரம் வரைஞ்சது. அவன் பேரப் போட்டுக்கிட்டான். அவ அடையாளத்துக்கு ஒவ்வொரு படத்துலயும் கூட ஒரு கிளிய வச்சிருக்கறா. கடைசி வரைக்கும் அவன் கவனிக்கவே இல்ல."

"முட்டாப்பய" என்றார் சூசைமாணிக்கம்.

ஜெசிந்தா அவர் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

அன்றைய கருத்துக்கு அலுவலகமே கை தட்டியது. இதுதான் சமயம் என்று சூசைமாணிக்கம் குனிந்தார். "மேடம், அப்படியே என் மாறுதல் மனுவும்..."

"அதைப் போன வாரமே நிறுத்தி வச்சுட்டேனே" என்றார் மேடம் கனிவாக. "பதினோரு வாரமா நீங்க ஒரே விஷயத்தைத்தானே சொல்றீங்க? மலையை விட்டு இறங்கினது தப்புன்னு. மனுவைக் கொடுத்துட்டு, வேண்டாம்னு வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுறீங்கன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது."

எழுபது வளைவும் ஒரே சமயத்தில் கண்முன் வந்து நின்றன. பதினோரு வாரப் புகழா, மாறுதலா? புகழ் போனால் போகட்டும் என்று துணிந்துவிட்டார்.

"மேடம், அதெல்லாம் என் கருத்தே இல்லைங்க. அத்தனையும் என் ஊட்டுக்காரி சொல்லிக் குடுத்தது."

தனபால் பேனாவைக் கீழே வைத்தார். மேடம் சற்று யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அப்போ உங்க வீட்டுல அவங்களுக்கும் இங்கேயே இருக்கத்தான் விருப்பம். ரொம்ப நல்லதாப் போச்சு. இனிமே நான் யோசிக்கவே வேண்டியதில்லை."

வீட்டுக்கு வந்தபோது ஜெசிந்தா ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"வேணும்னேதான பண்ணுன?"

"நான் என்னங்க பண்ணுனேன்? உங்க கருத்துன்னு ஊரெல்லாம் நீங்கதான சொன்னீங்க?"

சூசைமாணிக்கத்துக்கு ஆற்றாமை பொங்கியது. வாழ்க்கையில் ஒரு கருத்தாவது சொந்தமாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எப்படியோ போகட்டும். ஆனா என்னயக் கேட்டா, அது ஒரு மட்டமான தொடர்."

ஜெசிந்தா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க எப்பங்க பாத்தீங்க?"