பெரிய ‘ற’வும் சின்ன ‘ர’வும்

உலகத்தில் ஒளிவு மறைவே இல்லாத இடங்கள் இரண்டு. ஒன்று கடவுளின் சந்நிதி. மற்றொன்று, அடையாற்றங்கரையில் நான் பணிபுரியும் ‘தவளம்’ சலவை நிறுவனம். சந்நிதியிலாவது அவ்வப்போது திரை போடுவார்கள். எங்களிடம் அதுவும் கிடையாது.

ஹோட்டல் விரிப்புகளை வெளுப்பது எங்கள் தொழில். எந்தச் சட்டமும் கேட்காமல், நிறுவனத்தைப் பற்றிய உண்மைகளைத் தானே முன்வந்து உலகுக்குச் சொல்லும் ‘தன்னார்வ வெளியீடு’ எங்கள் தவம். ஆண்டுதோறும் பளபளக்கும் தாளில் அறிக்கை. அதை எழுதும் பாக்கியம் எனக்கு. சென்ற ஆண்டு நட்ட வேப்பங்கன்றுக்கு மட்டும் நான்கு பக்கம் ஒதுக்கினேன். கன்று ஒன்றுதான்.

இந்த ஆண்டு எங்கள் பெரிய வாடிக்கையாளரான ஹோட்டல் குழுமம் ஒரு நிபந்தனை போட்டது. நிறுவனத்தால் நன்மை தீமை அடையும் எல்லோரையும் கூட்டிப் பேசி, அதையும் அறிக்கையில் வெளியிட வேண்டும். இல்லையேல் ஆர்டர் இல்லை. உடனே எங்களுக்குத் தன்னார்வம் பொங்கிவிட்டது.

அப்படிப்பட்டவர்களுக்கு ‘அக்கறையாளர்’ என்று பெயர் வைத்து, பேனர் வாசகத்தை நிர்வாக இயக்குநர் பரத்வாஜிடம் நீட்டினேன். மயிலாப்பூரில் பிறந்து வெளிநாட்டில் படித்தவர்.

“எதுக்கு மாமா இவ்ளோ பெரிய ற? எடத்த அடைச்சுண்டு நிக்கறது. சின்ன ர போடுங்கோ, போறும்.”

“அர்த்தம் மாறிடுமே?”

“படிக்கறச்சே ரெண்டும் ஒரே சத்தம்தானே!”

சிக்கனம்தான் நிர்வாகம். ‘அக்கரையாளர்களே வருக! உங்கள் குரலைக் கேட்கிறோம். சாப்பாடு உண்டு’ என்ற பேனர், புகைப்படத்தில் ஆறும் விழட்டும் என்று ஆற்றைப் பார்த்த சுவரில் கட்டப்பட்டது.

எதிர்க்கரைக் குடிசைவாசிகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்பதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வங்கி மேலாளருக்கும் ஹோட்டல் பிரதிநிதி மஹ்விஷுக்கும் போட்ட நாற்காலிகளைச் சுற்றி, கூட்டத்தன்று அக்கரையே உட்கார்ந்திருந்தது.

முன்வரிசையில் பூக்காரி தேவானை. “கூப்ட்டுக்கீறீங்கோ, வெறுங்கையோட வர்றதா?” என்று மல்லிகைச் சரம் ஒன்றை எங்கள் வரவேற்பறைப் பிள்ளையாருக்குச் சாத்தினாள்.

பரத்வாஜ் முழங்கினார்: “நாங்க எல்லாத்தையும் வெளியிடறோம். சட்டம் கேக்கல. யாருமே கேக்கல. நாங்களாவே வெளியிடறோம்!”

தேவானை ஒருத்திதான் கைதட்டினாள். “மெய்தான் நைனா. டெய்லி காலைல நீயாதான் வெளியிட்ற. நொர நொரயா. எங்க அடிபம்பு தண்ணியே நொரைக்குது. எம் பொண்ணுக்கு ஒடம்பெல்லாம் சொறி. ஸ்கூல்ல தனியா குந்த வெச்சிக்கிறாங்கோ. அந்தப் பைப்ப மூடிட்டின்னா புண்ணியமாப் போவும்.”

மஹ்விஷ் ஜன்னல் வழியே பார்த்தார். ஆற்றில் நுரை வெள்ளை வெளேரென்று மிதந்தது.

“இது தெரியவே கூடாது, பரத்வாஜ். கெஸ்ட் யாராவது படம் எடுத்துப் போட்டா எங்க பேரும் சேர்ந்து கெடும்.”

நாங்கள் அழைத்தவர்களின் சொல்லை மதிப்பது எங்கள் மரபு. ஒரே வாரத்தில் கழிவுநீர்க் குழாயை நீட்டி, அதன் வாயை ஆற்று நீருக்கு அடியில் இறக்கினோம். ‘மக்களின் கோரிக்கையை ஏற்று, எங்கள் வெளியீடு மேலும் ஆழப்படுத்தப்பட்டது’ என்று எழுதினேன். ஆர்டர் கிடைத்தது. அட்டைப் படத்தில் தேவானை கைதட்டுகிறாள். அவள் மகள் இன்னும் சொறிந்துகொள்கிறாள். அதை எழுதப் பக்கம் போதவில்லை.

அடுத்த கூட்டத்துக்குப் பரத்வாஜ் உஷாராகிவிட்டார். “பெரிய றவே போட்டுடுங்கோ மாமா. எடம் போனாலும் பரவால்ல.”

‘அக்கறை உள்ளவர்களே வருக!’ என்று பிழையற்ற தமிழில் பேனர் தொங்கியது. ஆர்டர் முடிந்த காரியம் என்பதால் மஹ்விஷ் வரவில்லை, வங்கியும் வரவில்லை. நாற்காலிகள் அத்தனையும் காலி. பிள்ளையார் கழுத்தில் மட்டும் புது மல்லிகை.

“காலைல தேவானை குட்த்துட்டுப் போச்சு சார்,” என்றார் காவலாளி. “‘இந்தவாட்டி நம்மளக் கூப்டல. அதுக்கு சாமி இன்னா பண்ணும், பாவம்’னு சொல்லிச்சு.”

பரத்வாஜ் முதலில் கேட்ட சின்ன ‘ர’தான் சரி. பெரிய ‘ற’ போட்டுக் கூப்பிட்டால் வருவதற்கு, இந்தக் கரையில் ஒருவர்கூட இல்லை.