நான் வாங்கிவிட்ட தாம்பூலம்

காக்ஸ் டவுன், பெங்களூரு
புதன்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். வேலூரில் உங்கள் சர்க்கரையும் அண்ணியின் முழங்காலும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இந்த விஷயத்தைப் போனில் எடுத்தால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவீர்கள், அதனால் கடிதம். உங்களுக்கும் எனக்கும் நடுவில் பிறந்து நான்கு மாதத்தில் இறந்துபோன அக்காவுக்கு, நான் தெரியாமல் கல்யாணம் நிச்சயம் செய்துவிட்டேன். நீங்கள்தான் அதை முறிக்க வேண்டும்.

பதறாமல் படியுங்கள். மேல் வீட்டுப் பாமா, கன்னட தேசத்துப் புத்தூர்ப் பக்கத்துக்காரர், பாக்குத் தோட்டக் குடும்பம். போன மாதம் மாடிப்படியில் நிறுத்தி, "உங்க வீட்ல சின்ன வயசுல தவறினவங்க யாராச்சும் உண்டா மேடம்?" என்று கேட்டார். ஏதோ பரம்பரை நோய் பற்றிய விசாரணை என்று நினைத்து, புள்ளியியல் வாத்தியாருக்கே உரிய துல்லியத்துடன், "ஒரு பெண், நான்கு மாதம், காரணம் தெரியாது, இருந்தால் இப்போது ஐம்பத்தொன்று" என்றேன். அம்மா கடைசி நாட்களில் சொன்ன கணக்கு அது. அந்த வெள்ளிக்கிழமையே தாம்பூலத்துக்கு அழைத்தார். தட்டில் வெற்றிலை, தேங்காய், மல்லிகை, எதிரெதிர் ஓரங்களில் இரண்டு கொட்டைப்பாக்கு. பாமாவின் கணவர் கோவிந்தப்பா புது வேட்டியில் விறைப்பாக நின்றதைப் பார்த்தாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கன்னடக்காரர்கள் வெள்ளிக்கிழமையைக் கொஞ்சம் விமரிசையாகச் செய்வார்கள் போல என்று எண்ணி, இரண்டு கையாலும் வாங்கி, "ரொம்ப சந்தோஷம்" என்றும் சொல்லித் தொலைத்தேன். பாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகுதான் பாமாவிடமிருந்து விளக்கம் வந்தது. கோவிந்தப்பாவின் அண்ணன் உமேஷ் குழந்தையிலேயே இறந்தவர். அவருக்குக் கல்யாணம் ஆகாததால்தான் இவர்கள் மகள் ரக்ஷிதாவின் நிச்சயம் மூன்று முறை நின்றுபோனதாம். இறந்தவருக்கு இறந்த பெண்ணையே பார்த்துக் கட்டிவைப்பது அவர்கள் வழக்கமாம். தட்டில் பெரிய பாக்கு மாப்பிள்ளை, சின்னப் பாக்கு பெண். "உங்க ஊர்லயே பார்த்திருக்கலாமே?" என்றேன். "எங்க மேடம், அங்க இப்போ எல்லாக் கொழந்தையும் பொழைச்சுக்குது. பழைய கொழந்தைங்களுக்கெல்லாம் முன்னாடியே முடிஞ்சாச்சு." "எனக்கு இதுல நம்பிக்கை இல்லீங்க." "பரவால்ல மேடம், கல்யாணம் உங்களுக்கு இல்லையே." அத்தோடு விட்டாரா? "அக்கா காத்துட்டிருக்கும்போது தங்கச்சிக்கு எப்படி ஆகும், சொல்லுங்க?" என்று ஆறுதல் வேறு. கல்யாணம் வேண்டாம் என்றது என் சொந்த முடிவு என்றல்லவா இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்!

மறுநாளே தட்டைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். கோவிந்தப்பா கையைக் கட்டிக்கொண்டார். "பாக்கு கை மாறியாச்சு மேடம். இனிமே பொண்ணோட அண்ணன் வந்து குடுத்தாத்தான் வாங்குவோம்." திரும்பக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். காலையில் பார்த்தால் இரண்டு பாக்கும் ஒட்டிக்கொண்டிருந்தன. தட்டு குழிவானது, தெருவில் லாரி ஓடுகிறது, உருண்டிருக்கும். சமமான பலகைக்கு மாற்றி, சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, பதினோரு நாள் குறித்துவைத்தேன். பதினோரு நாளும் மாப்பிள்ளைப் பாக்கு வட்டத்தைவிட்டு அசையவில்லை. நகர்ந்து போனது மற்றதுதான். மாதிரி சிறியது, முடிவுக்கு வர முடியாது. பிற்பகலானால் வீடு முழுக்க வசம்பு வாசனை. நான் வசம்பு வாங்கியதே இல்லை. நேற்று வேலைக்கு வரும் ஆஞ்சலா, "அக்கா வந்திருக்காங்கன்னு சொல்லவே இல்லையே மேடம், ஒரு டம்ளர் காபி சேத்துப் போட்டிருப்பேனே" என்றாள். எந்த அக்கா என்றேன். "உங்கள மாதிரியேதான், முடிதான் பாவம் முழுக்க வெளுத்துப்போச்சு. உள்ள உக்காந்து தலை வாரிட்டிருக்காங்க." ஆஞ்சலாவுக்குக் கண் பரிசோதனை செய்ய வேண்டும். நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. விடைத்தாள் திருத்தும் வேலை இருந்தது.

ஆகவே அண்ணா, தயவுசெய்து கோவிந்தப்பாவுக்கு ஒரு போன் போட்டு, அப்படி ஒரு குழந்தை நம் வீட்டில் பிறக்கவே இல்லை, அம்மாவுக்குக் கடைசியில் நினைவு தடுமாறிவிட்டது என்று சொல்லிவிடுங்கள். ஐம்பது வருடமாக வாய் திறக்காமல் நீங்கள் சொல்லிவந்ததும் அதுதானே. இப்போது வாய் திறந்து ஒரு தடவை சொன்னால் போதும்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நல்ல உடம்போடும் நல்ல புத்தியோடும் நீடூழி வாழட்டும்.

தங்கள் அன்புத் தங்கை,
ஸ்ரீரஞ்சனி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் நானே ஒருமுறை மேலே போனேன், அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று சொல்லிவிட. கதவைத் திறந்தது ரக்ஷிதா. கையில் பேனாவும் காகிதமும். "பூஜைக்கு எழுதணும், பொண்ணு பேர் என்ன ஆன்ட்டி?" என்றாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சிந்து" என்றேன். அம்மா அந்தப் பெயரை என்னிடம் சொன்னதில்லை. நீங்களும் சொன்னதில்லை. போன் செய்ய வேண்டாம். பதினான்காம் தேதி காலை ஒன்பது மணிக்குப் பெண் பக்கம் நிற்க அண்ணன் வேண்டுமாம், வந்துவிடுங்கள். பெயர் தவறாக இருந்தால் மட்டும் பதில் போடுங்கள்.