வேப்பம்பட்டு கேட்டும் என் உப்பு விரதமும்

அன்புள்ள சம்பந்தி வின்சென்ட் அவர்களுக்கு,

முகப்பேரிலிருந்து இக்னேஷியஸ் தலை குனிந்து எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு நலமா என்று கேட்க வாய் வரவில்லை. ஏனென்றால், பூசை முடிந்து கோயில் வாசலில் "வலிப்பு எங்க பக்கம் கிடையாது, அது மாப்ள ஊட்டு ரத்தம்" என்று பரப்பியவன் நானேதான். அதைச் சொன்னது என் வீட்டுக்காரி ஹில்டாதான் என்று உங்களிடம் பழியை மாற்றிப் போட்டேனே, அதற்கும் சேர்த்து மன்னிப்பு.

நாலாம் மாதத்தில் நம் பேத்தி கண் செருகிக் கையை உதறியபோது எனக்கு உயிரே இல்லை. பீரோ சாவிக்கொத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் திணித்தேன். "அப்பா, சாவிய வெச்சுட்டு ஆட்டோவ கூப்புடு!" என்று ஜெனிஷா கத்தினாள். ஆஸ்பத்திரியில் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். டாக்டர் பவ்யா விளக்கினார்: மூளையின் நரம்புச் செல்களில் சோடியம் நுழையக் குட்டிக் குட்டி வாசல்கள் உண்டாம், திறந்த வேகத்தில் மூட வேண்டுமாம். அந்த வாசலின் வரைபடம்தான் மரபணு. அதில் ஒரு எழுத்து பிசகினால் வாசல் ஒழுங்காக மூடாது. உங்கள் வேப்பம்பட்டு ரயில்வே கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அது மூடாமல் அத்தனை வண்டியும் ஆரன் அடித்துப் பாய்ந்தால் எப்படி, அதுதான் வலிப்பு. கேட்டை மூடுகிற மருந்தாகப் பார்த்து மாற்றிக் கொடுத்தார்.

இங்கேதான் எனக்குள் இருந்த பத்தாம் வகுப்பு விஞ்ஞானி விழித்துக்கொண்டான். சோடியம் என்றால் உப்புதானே, தாய்ப்பாலில் போய்விடுமே என்று வீட்டிலேயே உப்பைத் தடை செய்தேன். "அங்கிள், சாப்பிடற உப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார் டாக்டர். சின்னப் பெண், அனுபவம் போதாது என்று விட்டுவிட்டேன். தவக்காலத்தில்கூட எதையும் விடாதவன், நாற்பது நாள் உப்பில்லாத சாம்பார் சாப்பிட்டேன். நாக்கு செத்துப்போச்சு சம்பந்தி! ஆனால் அந்த நாற்பது நாளும் குழந்தைக்கு ஒரு வலிப்பு இல்லை. மருந்து பாதி, என் விரதம் பாதி.

அப்புறம் பெரியவர்களையும் சோதித்தார்கள். உங்கள் டேனிக்கு ஒன்றுமில்லை. பிசகு ஜெனிஷாவிடம் இருக்கிறது, அவளுக்கு என்னிடமிருந்து. மாங்காட்டு அக்கா போனில் சிரிக்கிறாள்: "டேய், கைக்கொழந்தைல உனக்கும் இழுத்துக்கினுதான்டா இருந்துது. ஒரு வயசுல தன்னால நின்னுச்சு. யாராண்டயும் சொல்லாதன்னு அம்மா வாய மூடிடுச்சு." டாக்டரும் அதையேதான் சொல்கிறார்: எல்லா வகை வலிப்பும் இவ்வளவு சாது இல்லையாம், நம்முடையது பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் நின்றுவிடுமாம்.

வரும் ஞாயிறு ஞானஸ்நானம். "எங்கப்பா வராம தண்ணி ஊத்த வேணாம்" என்று டேனி முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். வந்துவிடுங்கள். அதே கோயில் வாசலில், அதே ஆட்களைக் கூட்டி, "எங்க ஊட்டு ரத்தம்தான்" என்று நானே சொல்கிறேன். பிரியாணியில் உங்களுக்கு மட்டும் உப்புக்கு அனுமதி.

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். பேத்தி கீழே ஒரு பல் விட்டுச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு மட்டும் உங்கள் பக்கம்.

இப்படிக்கு,
குற்றவாளி இக்னேஷியஸ்

பி.கு.: கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு ஹில்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நாற்பது நாளும் உப்பு போட்டுத்தான் சமைத்தாளாம்.